பாஸ்வேர்டு தப்பில்ல தம்பி

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்.கே.ஜி.யில் இருந்து பன்னிரண்டாவது வரை நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு ஒரு பேப்பர், வீட்டில் பேசுற பாஷை, அவ்வளவுதான். ல, ள, ழ எங்கேயாவது மாறியிருந்தால் எடிட்டோரியல் டீம் திருத்திடுவாங்க என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் எழுதப் போகிற சம்பவத்துக்கும், எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்கிற திமிருக்கும் சம்பந்தம் இருக்கிறது.

எங்க தாத்தா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி நெய்கிறவர். போன வருஷம் ஆயுத பூஜை லீவு முடிந்த முதல் நாள், நெய்து முடித்த புடவையைக் கொடுத்துவிட்டு வர ஆபீஸுக்குக் கிளம்பினார். ஆபீஸ் பேர் வேண்டாம். பாவும் பட்டும் ஜரிகையும் கொடுத்து, புடவையைத் திரும்ப வாங்கி, கூலிக் கணக்குப் பார்க்கிற ஒரு சின்ன இடம். எனக்கு அன்னிக்கு காலேஜ் இல்லை, பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். தீபாவளிக்கு மூன்று வாரம் கூட இல்லை.

பத்து மணிக்கே பத்துப் பன்னிரண்டு பேர் மடியில் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வரிசை நகரவே இல்லை. கவுன்ட்டர் மேடத்தால் அவங்க கம்ப்யூட்டருக்குள் போக முடியவில்லை. கூலிப் பட்டியலை அவங்க ஐடியில்தான் திறக்க முடியும். அந்தப் பட்டியல் ஏறினால்தான் பேங்குக்குப் பணம் போகும்.

தாத்தா சும்மா இருப்பாரா? "அம்மா, எம் பேரன் கம்ப்யூட்டர்தான் படிக்கிறான், கடைசி வருஷம். டேய், போய்ப் பாருடா" என்றார். மொத்த பெஞ்சும் என்னைப் பார்த்தது. செம கெத்தாக உள்ளே போனேன்.

மேடம் என்னிடம் மூன்று விஷயம் சொன்னாங்க. வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"ஸ்கிரீன்ல ஏதோ நீளமா வருது தம்பி, என்னன்னு படிச்சுச் சொல்லு."

"லீவுக்கு முன்னாடி நாள்தான் பாஸ்வேர்டு மாத்தச் சொல்லுச்சு. இந்த சிஸ்டத்தை ஆஃப் பண்ணி, துடைச்சு, பொட்டு வெச்சுட்டாங்க. அதனால பக்கத்து சிஸ்டத்துல உக்காந்து மாத்தினேன்."

"பாஸ்வேர்டு தப்பில்ல தம்பி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நான் சொன்ன பதில்: "அது வழக்கமா வர்ற மெசேஜ்தான் மேடம். நீங்க பாஸ்வேர்டு தப்பா போடறீங்க. கேப்ஸ் லாக் பாருங்க."

கேப்ஸ் லாக் ஆஃபில்தான் இருந்தது. மூன்று தடவை மெதுவாக டைப் பண்ணச் சொன்னேன். போகவில்லை. ரீஸ்டார்ட் பண்ணேன். போகவில்லை. அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. "பாஸ்வேர்டைச் சொல்லுங்க, பக்கத்து சிஸ்டத்துல நானே போட்டுப் பார்க்கறேன்" என்றேன். பத்துப் பேர் முன்னாடி ஒருத்தரோட பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொல்ல வைத்தேன். சைபர் செக்யூரிட்டி எலெக்டிவில் எனக்கு நல்ல கிரேடு என்பது வேறு விஷயம்.

முழு பாஸ்வேர்டையும் இங்கே எழுத மாட்டேன். அதில் "வரதர்" என்ற பேர் இருந்தது. காஞ்சிபுரத்தில் எத்தனை பாஸ்வேர்டில் வரதரும் காமாட்சியும் இருப்பாங்க என்று யோசித்துப் பாருங்கள். நான் இங்கிலீஷ் எழுத்தில் எனக்குத் தெரிந்த மாதிரி டைப் பண்ணேன். 'த'வுக்கு நான் 'டி, ஹெச்' போட்டேன். அவங்க வைத்திருந்தது 'டி'யே இல்லாத வேறு ஸ்பெல்லிங். நம்ம பேர்களை இங்கிலீஷில் எழுத ஒரே வழி என்று ஒன்று எங்கே இருக்கிறது? தப்பு என்று வந்தது. திரும்பப் போட்டேன். ஐந்தாவது தடவை மெசேஜ் மாறியது: அக்கவுன்ட் லாக் ஆகிவிட்டது.

"பார்த்தீங்களா மேடம், பாஸ்வேர்டு தப்புதான்" என்றேன். அவங்க ஒன்றும் சொல்லவில்லை. டிராயரில் இருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாங்க. முதல் ஆளைக் கூப்பிட்டு, புடவையை எடை போட்டு, பேர், டிசைன், எடை எல்லாம் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு சீட்டும் கொடுத்தாங்க. வரிசை நகர ஆரம்பித்தது. நான் மட்டும் அங்கேயே நின்றேன்.

கடைசியில் ஏ.எம்.சி. எடுத்திருக்கிற ஆளுக்கு போன் போட்டோம். அவர் என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். "அந்த சிஸ்டத்துல என்ன மெசேஜ் வருது? முழுசா படி." அப்புறம், "பின்னாடி நெட்வொர்க் கேபிள்ல லைட் எரியுதா?"

அப்போதுதான் முதல் தடவையாக அந்த மெசேஜைப் படித்தேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: உங்க ஆபீஸ் டொமைன் கிடைக்கவில்லை, அதனால் இந்த விவரத்தை வைத்து உங்களை உள்ளே விட முடியவில்லை. நெட்வொர்க்கில் இணைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இதற்கு முன்னால் இந்த மெஷினில் வேறு விவரம் போட்டு நுழைந்திருந்தால் அதைப் போட்டு நுழையலாம். பாஸ்வேர்டு தப்பு என்று அதில் ஒரு வார்த்தை கூட இல்லை.

குனிந்து பார்த்தேன். பூஜைக்குத் துடைக்கும்போது யாரோ கேபிளை உருவி, திரும்பச் சரியாகச் செருகவில்லை. தொங்கிக்கொண்டு இருந்தது. 'க்ளிக்' என்று ஒரு சத்தம், பச்சை லைட் எரிந்தது. ஆனால் நான் லாக் பண்ணின அக்கவுன்ட் திறக்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. மேடம் உள்ளே போகும்போது மணி பன்னிரண்டு. அதே பாஸ்வேர்டுதான்.

அவங்களுக்கு இங்கிலீஷ் சரளமாக வராது, அதனால் படிக்கச் சொன்னாங்க. எனக்கு வரும், ஆனால் நான் படிக்கவில்லை. இந்தக் கட்டுரையில் என் கருத்து அதிலிருந்துதான் வருகிறது: ஆபீஸில் லாகின் ஆகவில்லை என்றால் முதலில் ஆளைச் சந்தேகப்படுவது நம்ம துறையின் கெட்ட பழக்கம். அது மரியாதைக் குறைவு மட்டும் இல்லை, என்ஜினியரிங்காகவும் தப்பு.

அன்னிக்கு உள்ளே நடந்தது என்ன

நம்ம ஹாஸ்டல் லேப்டாப்பில் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது அந்த லேப்டாப்பே. ஆபீஸ் நெட்வொர்க்கில் அப்படி இல்லை. பெரும்பாலும் ஒரு சர்வர் இருக்கும், அதற்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பேர். விண்டோஸ் உலகத்தில் இது 2000-ல் ஆக்டிவ் டைரக்டரி வருவதற்கு முன்பே இருந்த ஏற்பாடு. யார் ஊழியர், பாஸ்வேர்டு என்ன, எப்போது காலாவதி எல்லாம் அந்த சர்வருக்குத்தான் தெரியும். முன்னால் இருக்கிற கம்ப்யூட்டர் வெறும் வாட்ச்மேன். உள்ளே போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கேட்டைத் திறக்கும்.

போன் லைன் போய்விட்டால்? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கடைசியாக அந்த மெஷினில் நுழைந்தவர்களைச் சரிபார்க்கப் போதுமான ஓர் அடையாளத்தை கம்ப்யூட்டர் தன்னிடமே சேமித்து வைத்துக்கொள்ளும். சர்வர் கிடைக்கவில்லை என்றால் அதோடு ஒப்பிட்டு உள்ளே விடும். மேடம் பாஸ்வேர்டை மாற்றியது பக்கத்து சிஸ்டத்தில். அது சர்வருக்குத் தெரியும். ஆனால் அவங்க சொந்த சிஸ்டம் அப்போது ஆஃபில் இருந்தது, அப்புறம் கேபிளும் இல்லை. அதற்குத் தெரிந்தது பழைய பாஸ்வேர்டு மட்டும்தான். அதனால் சரியான புதுப் பாஸ்வேர்டைப் போட்டால் மறுத்தது. பழசைப் போட்டிருந்தால் திறந்திருக்கும்!

அவங்க சொன்ன இரண்டாவது வாக்கியத்திலேயே விடை இருந்தது. பக்கத்து சிஸ்டத்தில் மாற்றினேன் என்று சொன்னாங்களே, அதுதான். நான் செய்த டெஸ்ட்டும் டெஸ்ட்டே இல்லை. மெஷினையும் மாற்றினேன், டைப் பண்ற ஆளையும் மாற்றினேன். அவங்களையே பக்கத்து சிஸ்டத்தில் உட்கார்ந்து போடச் சொல்லியிருந்தால் உடனே உள்ளே போயிருக்கும். "ஆளும் பாஸ்வேர்டும் சரி, மெஷின்தான் பிரச்னை" என்று அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் லேபில் இரண்டு அளவை ஒரே நேரத்தில் மாற்றினால் ரெக்கார்டில் சிவப்பு இங்க் விழும். அதே தப்புதான்.

எங்கே அறுந்தது என்று பார்க்கிற வரிசை

திரும்பிப் போகும்போது தாத்தா பைக் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இழை அறுந்தா தறியை நிறுத்திட்டு எங்க அறுந்துச்சுன்னு தேடுவோம். பாவையே அறுத்துப் போட மாட்டோம்." அவர் என்னைத் திட்டவில்லை, சும்மா சொன்னார். ஆனால் நம்ம ஆட்கள் பண்றது அதுதான். லாகின் ஆகலையா, பாஸ்வேர்டை ரீசெட் பண்ணு. ஆகலையா, ஃபார்மட் பண்ணு. அறுந்த இடம் தெரியாமலே போய்விடும், அடுத்த வாரம் திரும்ப அறுந்துபோகும்.

ஜூனியர்ஸ், உங்களுக்காக வரிசையை எழுதி வைக்கிறேன். எல்லாமே உட்கார்ந்த இடத்தில் பார்க்கக் கூடியவை.

முதலில் மெசேஜை முழுசாகப் படிக்கணும். "யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு", "டொமைன் கிடைக்கவில்லை", "அக்கவுன்ட் லாக் ஆகியிருக்கிறது", "பாஸ்வேர்டு காலாவதி" எல்லாம் நமக்கு ஒரே மாதிரி தெரியும். ஆனால் நான்கும் நான்கு வேறு நோய். மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது, உட்கார்ந்திருக்கிறவரைக் கேட்கணும். கடைசியாக எப்போது சரியாக நுழைஞ்சீங்க? அதுக்கப்புறம் என்ன மாறிச்சு? இந்த இரண்டு கேள்விக்கு ஒரு நிமிஷம் ஆகும்.

மூன்றாவது, இது எல்லாருக்குமா, இவருக்கு மட்டுமா? எல்லாருக்கும் என்றால் சர்வர் அல்லது ஸ்விட்ச். இந்த மெஷினில் யாருக்குமே ஆகவில்லை என்றால் மெஷின். இந்த ஆளுக்கு எந்த மெஷினிலும் ஆகவில்லை என்றால்தான் அக்கவுன்ட். ஒரே கேள்வியில் பிரச்னையின் பெரும்பகுதி வெளியே போய்விடும்.

நான்காவது, கீபோர்டு. கேப்ஸ் லாக், நம்பர் லாக் இரண்டையும் பார்க்கணும். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் இருக்கிற கண் படத்தை அழுத்தினால் என்ன டைப் ஆகிறது என்று தெரியும். நம்ம ஊர் ஆபீஸ்களுக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. தமிழ்99 கீபோர்டு போட்டிருக்கிற சிஸ்டத்தில் மொழி தமிழில் நின்றிருந்தால், நாம் இங்கிலீஷ் என்று நினைத்து அடிக்கிற பாஸ்வேர்டு தமிழ் எழுத்தாக விழும். வெளியே வெறும் புள்ளிதான் தெரியும், கண்டுபிடிக்கவே முடியாது.

ஐந்தாவது, யூசர்நேமுக்குக் கீழே எந்த டொமைன் பேர் காட்டுகிறது என்று பார்க்கணும். சில நேரம் ஆபீஸ் டொமைனுக்குப் பதில் அந்த கம்ப்யூட்டரின் பேரே இருக்கும். அப்படியென்றால் அது சர்வரைக் கேட்கவே இல்லை, தன்னிடம் அப்படி ஒரு ஆள் இருக்கிறாரா என்று தேடிக்கொண்டிருக்கிறது.

ஆறாவது, கேபிள். லைட் எரிகிறதா? எரிந்தும் ஆகவில்லை என்றால், உள்ளே நுழைய முடிந்த வேறு ஐடியில் போய் ஐ.பி. முகவரியைப் பார்க்கலாம். 169.254 என்று ஆரம்பித்தால், முகவரி கொடுக்க வேண்டியவர் யாருமே பதில் சொல்லாததால் கம்ப்யூட்டர் தானே ஒரு முகவரி வைத்துக்கொண்டது என்று அர்த்தம். முகவரி சரி, ஆனால் டி.என்.எஸ். தப்பு என்றாலும் சர்வர் எங்கே என்று அதற்குத் தெரியாது.

ஏழாவது, கடிகாரம். இதை யாரும் பார்ப்பதில்லை. டொமைன் லாகினுக்குப் பின்னால் கெர்பரோஸ் என்ற முறை இருக்கிறது. எம்.ஐ.டி.யில் உருவானது. பழைய டிக்கெட்டைத் திருடி யாரும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக நேரத்தையும் சரிபார்க்கும். சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் வழக்கமாக ஐந்து நிமிஷ வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு மேல் இருக்கிற சி.ஆர். 2032 என்கிற காசு மாதிரி பேட்டரி தீர்ந்துபோனால், ராத்திரி மெயின் ஆஃப் பண்ணி காலையில் போடும்போது தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். அப்போதும் லாகினில் தகராறு வரலாம். இன்னொரு கூத்து: டைம்ஜோன் வெளிநாட்டில் இருக்கும், யாரோ கையால் முள்ளை மட்டும் நம்ம நேரத்துக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். பார்த்தால் சரியாகத் தெரியும், உள்ளே கணக்குப் பல மணி நேரம் தப்பாக இருக்கும்.

கடைசியாக, "இந்த கம்ப்யூட்டருக்கும் டொமைனுக்கும் இடையே நம்பிக்கை முறிந்துவிட்டது" என்ற அர்த்தத்தில் ஒரு மெசேஜ் வரும். சினிமா டயலாக் மாதிரி இருந்தாலும் நிஜம். டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக ஒரு ரகசிய பாஸ்வேர்டு உண்டு. வழக்கமாக முப்பது நாளுக்கு ஒருமுறை அது தானாக மாறும். பழைய பேக்கப்பைப் போட்டு மெஷினைப் பின்னால் கொண்டுபோனால் இரண்டும் ஒத்துப்போகாது. இது அட்மின் மட்டுமே சரிசெய்யக் கூடியது. இங்கே உட்கார்ந்திருக்கிறவர் பாஸ்வேர்டை ஆயிரம் தடவை மாற்றினாலும் பயன் இல்லை.

இத்தனை கண்ணிகளில் பாஸ்வேர்டை டைப் பண்றவரின் கை எத்தனை இடத்தில் இருக்கிறது? ஒன்றிரண்டு. ஆனால் பழி மட்டும் எப்போதும் அவங்க மேல்தான்.

வரதரும் பாஸ்வேர்டும்

மேடத்துக்கு அந்தக் குழப்பம் வந்ததே பாஸ்வேர்டைக் கட்டாயமாக மாற்றச் சொன்னதால். அத்தி வரதர் 40 வருஷத்துக்கு ஒருமுறை குளத்தில் இருந்து வெளியே வருவார். 2019-ல் வந்தபோது 48 நாள் ஊரே நிரம்பி வழிந்தது. ஆபீஸ் பாஸ்வேர்டு சில இடத்தில் 45 நாளுக்கு ஒருமுறை, சில இடத்தில் 90 நாளுக்கு ஒருமுறை. வரதர் நம்மிடம் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்வதில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு 1960-களின் ஆரம்பத்தில் எம்.ஐ.டி.யில் வந்தது. ஒரே பெரிய மெஷினைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள், அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்க ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழு அதை வைத்தது. 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்குக் கூடுதல் மெஷின் நேரம் வேண்டும் என்று மொத்த பாஸ்வேர்டு கோப்பையும் பிரின்ட் எடுத்துவிட்டார். நம்ம ஆளுங்க மாதிரிதான்.

2003-ல் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட்டில் பில் பர் என்பவர் ஒரு வழிகாட்டி எழுதினார். பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறி கலக்கணும், அடிக்கடி மாத்தணும் என்ற வழக்கம் உலகம் முழுக்கப் பரவ அது ஒரு பெரிய காரணம். 2017-ல் அவரே ஒரு பேட்டியில் அதில் பலவற்றுக்காக வருந்துவதாகச் சொன்னார். அதே வருஷம் வந்த நிஸ்ட்டின் புது வழிகாட்டி, காரணம் இல்லாமல் நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், திருட்டுப் போனதற்கு அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றுங்கள் என்றது. 2019-ல் மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையில் இருந்து பாஸ்வேர்டு காலாவதியை எடுத்துவிட்டது.

காரணம் எளிது. 45 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மனுஷன் என்ன பண்ணுவான்? கடைசியில் இருக்கிற 1-ஐ 2 ஆக்குவான், இல்லையென்றால் ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுவான். இரண்டுமே பாதுகாப்பு இல்லை. ஆனாலும் நம்ம பக்கம் எத்தனையோ ஆபீஸ்களில் அந்தப் பழைய விதி இன்னும் ஓடிக்கொண்டு இருக்கிறது. எழுதினவரே வருத்தப்பட்ட விதி!

நியாயமாக எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும். "யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு" என்று மொட்டையாகச் சொல்வது வேண்டுமென்றே செய்தது. எது தப்பு என்று சொன்னால் திருடனுக்கு உதவி. ஐந்து தடவைக்கு மேல் போனால் லாக் பண்ணுவதும் தேவைதான். என்னை மாதிரி ஒருத்தன் ஊகித்து ஊகித்துப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது இல்லையா? அன்னிக்கு அந்தப் பூட்டு சரியாகத்தான் வேலை செய்தது. வெளியே நிறுத்தப்பட வேண்டியவன் நான்தான். ஆனால் "நெட்வொர்க் இல்லை" என்கிற மெசேஜில் மறைக்க எந்த ரகசியமும் இல்லை. அது தமிழில் வரலாம். விண்டோஸில் தமிழ் இடைமுகம் பல வருஷமாக இருக்கிறது. நான் போய்ப் பார்த்த எந்த ஆபீஸிலும் அதை யாரும் போட்டு வைக்கவில்லை.

கானாவில் போன கரண்ட்

இதெல்லாம் சின்ன ஆபீஸ் கதை என்று நினைக்க வேண்டாம். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ், உக்ரைனில் பலர் பயன்படுத்திய ஒரு கணக்கு சாஃப்ட்வேர் வழியாகப் பரவியது. உலகத்தின் மிகப் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான மெர்ஸ்க் அதில் மாட்டியது. நம்ம நாட்டில் மும்பை பக்கத்து ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்திய முனையமும் ஸ்தம்பித்தது.

மெர்ஸ்க்கிடம் உலகம் முழுக்க சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்பதுதான் திட்டம். எல்லாமே ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் நினைக்கவில்லை. யார் ஊழியர், யார் எதைத் திறக்கலாம் என்ற பட்டியலே இல்லாமல் போனால், மற்ற எதை மீட்டும் பயன் இல்லை. தேடித் தேடி கடைசியில் ஒன்றே ஒன்று கிடைத்தது, ஆப்பிரிக்காவின் கானாவில். வைரஸ் வந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! மெஷின் ஆஃபில் இருந்ததால் தப்பித்தது. அந்த ஹார்ட் டிஸ்க்கை ஓர் ஊழியர் நைஜீரியா வரை கொண்டுபோய்க் கொடுக்க, இன்னொருவர் அங்கிருந்து லண்டனுக்கு எடுத்துப் போனார். பத்து நாளில் 4,000 சர்வரும் 45,000 கம்ப்யூட்டரும் திரும்ப நிறுவப்பட்டன என்று அந்தக் கம்பெனியின் தலைவரே பிறகு சொன்னார். மின்வெட்டைத் திட்டியே வளர்ந்த நமக்கு இந்தக் கதை கொஞ்சம் சந்தோஷமாகவே இருக்கும்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் ரான்சம்வேரில் மாட்டியபோது, நாட்கணக்கில் நோயாளிகளைக் கையால் எழுதித்தான் பதிவு செய்தார்கள். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு தப்பான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றபோது, இந்திய ஏர்போர்ட்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். விமானம் பறந்தது.

எல்லாக் கதையிலும் சிஸ்டம் நின்ற பிறகு வேலையை நகர்த்தியது ஒரு நோட்டும் ஒரு பேனாவும், அதை எப்படி எழுதணும் என்று தெரிந்த ஆளும்தான். நம்ம மேடம் பண்ணின அதே வேலை. "எல்லாம் ஆன்லைன் ஆயாச்சு, நோட்டு எதுக்கு" என்று கேட்கிறவர்களிடம் நான் இனிமேல் சண்டை போடுவேன். லாகின் ஆகாத நாளுக்கு ஒரு வழி இல்லாத ஆபீஸில், நஷ்டப்படுவது ஆபீஸ் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்தான். தறிக்குத் திரும்பிப் போக வேண்டிய இரண்டு மணி நேரம் அவருக்குக் கூலி.

இது நம்ம வேலையா?

"நாம மெஷின் லேர்னிங் படிக்கறோம், லாகின் பிரச்னை பார்க்கறது ஹெல்ப் டெஸ்க் வேலை" என்று என் ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. ப்ளேஸ்மென்ட்டில் "சப்போர்ட் ப்ராஜெக்ட்" என்று கேட்டாலே முகம் சுருங்குகிறது. எனக்கும் சுருங்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாலு வருஷத்தில் வைவாவில் கெர்பரோஸுக்கு டயகிராம் வரைந்தேன், டி.எச்.சி.பி. எப்படி வேலை செய்கிறது என்று பதினாறு மார்க்குக்கு எழுதினேன். அன்னிக்கு அந்த மேஜை முன்னால் அதில் ஒன்று கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராமல் போனதற்குக் காரணம் மறதி இல்லை. "இந்த மேடத்துக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்று ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டேன். முடிவு பண்ணினவன் எதுக்குத் தேடுவான்?

அவங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தது. எப்போது மாற்றினோம், எங்கே மாற்றினோம், ஏன் அங்கே மாற்றினோம் எல்லாம் சரியாகச் சொன்னாங்க. ஒரு நல்ல பக் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டிய எல்லாமே இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அடுத்த வாரம் ஒரு ஏ4 பேப்பரில் தமிழில் ஐந்து வரி அடித்து, லேமினேட் பண்ணி, அந்த ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெசேஜைப் போட்டோ எடுக்கவும். மொழி, கேப்ஸ் லாக் பார்க்கவும். கேபிள் லைட், தேதி, நேரம் பார்க்கவும். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்ல வேண்டாம், பக்கத்து சிஸ்டத்தில் நீங்களே போட்டுப் பார்க்கவும். மூன்று தடவைக்கு மேல் முயற்சிக்காமல் நோட்டைத் திறந்து வேலையைத் தொடங்கிவிட்டு, அட்மினுக்கு போன் செய்யவும். உங்க ஊரில், உங்க வீட்டுப் பக்கத்து ஆபீஸுக்கு இதே மாதிரி ஒன்று நீங்களும் எழுதிக் கொடுக்கலாம். ஒரு சனிக்கிழமை போதும்.

போன மாசம் தாத்தாவோடு திரும்பப் போனபோது பார்த்தேன். என் பேப்பர் சுவரில் இருந்தது. அதற்குக் கீழே மேடம் பேனாவில் ஆறாவது வரி ஒன்று எழுதி ஒட்டியிருந்தாங்க: "பூஜைக்குத் துடைக்கும்போது வயரைக் கழற்ற வேண்டாம்."

எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்க.